நான்காவது கோட்பாடு

ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லொன்று நெடுங்காலம் நின்றது. கப்டன் வொன் டிறிபேக் இவ்விடத்தின் அயலிலேயே பண்டாரவன்னியனை 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் தோற்கடித்தான் என்பது அதிற் பொறிக்கப்பட்டிருந்த செய்தி. வென்றவர் தம் வெற்றியைக் குறிக்க நட்ட கல், காலப்போக்கில் தோற்றவனின் நடுகல்லாக மாறியது. வன்னி மக்கள் அதற்கு மாலை சூட்டினர். வரலாற்றில் இத்தகைய பழிவாங்கல்கள் அரியவை, அவை அமைதியானவையுங்கூட.

கல்லை நாட்டியவர்கள் நாள், மாதம், ஆண்டு ஆகிய மூன்றையும் ஐயத்துக்கிடமின்றிப் பொறித்தார்கள். தோற்றவன் எதன்பொருட்டுப் போரிட்டான் என்பதைப் பொறிக்கவில்லை. அது அவர்தம் கடமையுமன்று. ஆயின், மாலை சூட்டிய பிற்காலத்தவரும் அவ்வினாவை அதிகம் எழுப்பினாரல்லர். எவரை எதிர்த்தான் என்பது தெரிந்துவிட்டால், எதற்காக எதிர்த்தான் என்பதும் தெரிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு போலும். ஒரு நாட்டின் விடுதலைப் போராட்டத்தை விளங்கிக்கொள்ள முயல்வோர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுவே.

வன்னிக்கு 'அடங்காப்பற்று' என்னும் பழம்பெயருண்டு. பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி முதலிய பற்றுக்களை ஆண்ட வன்னியர்கள் யாழ்ப்பாண அரசருக்கும், அவர்க்குப் பின் போர்த்துக்கேயருக்கும், ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுக்க உடன்பட்டவர்கள். உடன்பட்டபடி கொடுத்தார்களா என்பது வேறு கதை. யானை காட்டில் நிற்கும். கடிதம் கோட்டையிலிருந்து வரும். இரண்டுக்குமிடையில் பல நாள் வழி. திறை கொடுப்பவன் தன் காட்டுக்குத் தானே தலைவன் என்பதே இவ்வுறவின் அடிப்படை. 1780களில் ஒல்லாந்தர் வன்னியிற் படை நடத்தி, நாகெல் என்னும் அதிகாரியை அங்கு இருத்தி நேரடியாக ஆளத் தொடங்கியபோது அவ்வடிப்படை முறிந்தது. 1795, 1796ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்தரின் இடத்துக்கு ஆங்கிலேயர் வந்தனர்.

1803 யூனில் கண்டி மாநகரில் ஆங்கிலேயப் படை அழிந்தது. அச்செய்தி வன்னிக் காடுகளுக்கு எட்டியதும் பண்டாரவன்னியன் கண்டி அரசின் துணையோடு எழுந்தான். ஆகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டை அவன் கைக்கு வந்தது. காவலிலிருந்த டிறிபேக் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பினான். இரண்டு மாதங்கள் கழித்து அதே டிறிபேக் திரும்பிவந்து கற்சிலைமடுவில் எதிர்பாராத வேளையில் தாக்கினான். இவ்வெழுச்சியை இனத்தின் பெயராலோ மொழியின் பெயராலோ நிகழ்ந்ததெனக் கூறுதல் பிற்காலக் கண்ணாடியை முற்காலத்துக்கு அணிவித்தலாகும். வன்னியனின் நண்பன் கண்டியரசன். பகைவன் அந்நிய ஆட்சி. அவன் காக்க நினைத்தது ஒரு குறுநிலத் தலைவனின் தொல்லுரிமை. அவன் நிலத்தில் ஏர் பிடித்தவனுக்கும், யானை பிடிக்கும் சாதியார்க்கும் அவ்வுரிமையில் என்ன பங்கு என்று எவரும் வினவியதாகத் தெரியவில்லை. அக்கால வன்னியில் அவ்வினாவை எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

ஆயினும் அவ்வினா அக்காலத்தில் உலகின் வேறொரு மூலையில் எழுந்துவிட்டது என்பதை மறத்தலாகாது. மனிதர் யாவரும் சுதந்திரராயும் சமமானவராயும் பிறக்கின்றனர் எனப் பாரிஸ் நகரில் 1789இல் பிரகடனம் செய்தவர்கள், தம் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆபிரிக்க அடிமைகளை அம்மனிதருட் சேர்க்க மறந்துபோயினர். சான் டொமிங்குத் தீவின் அடிமைகள் அம்மறதியை 1791இல் நினைவூட்டினர். கற்சிலைமடுப் போர் நிகழ்ந்த மறுமாதமே, 1803 நவம்பரில், பிரெஞ்சுப் படையை இறுதியாகத் தோற்கடித்து, 1804 சனவரி முதல் நாள் ஹெயிற்றி என்னும் பெயரோடு விடுதலையை அறிவித்தனர். பிரகடனத்தை எழுதியவர்களைவிட அதை மெய்யென நம்பியவர்களே அதனை முழுமையாக விளங்கிக்கொண்டார்கள். ஒரு விடுதலைக் கோட்பாட்டின் பொருள் அதன் வாசகத்தில் மாத்திரம் இருப்பதில்லை. 'யாவரும்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதிற் பெரிதும் தங்கியுள்ளது.

இலங்கை 1948 பெப்ரவரி 4ஆம் நாள் அடைந்த சுதந்திரத்தை இவ்வளவுகோலால் நோக்குதல் வேண்டும். அது போரிட்டுப் பெற்றதன்று, பேசிப் பெற்றது. பேசிப் பெறுவதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் போராட்டமொன்று நடைபெறும்போது மக்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளும் வினாக்கள் சில உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் அவை கேட்கப்படாமலே போகலாம். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இதனை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் தலைமையில், 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்த அவ்வியக்கம், டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் வழங்கவில்லை என்று கூறி 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளும் வெறுமையாகக் கிடந்தன. சமபந்தி போசனத்தையும் தீண்டாமை ஒழிப்பையும் சுயராச்சியத்தோடு பிரிக்கவொண்ணாதபடி பேசிய இயக்கம் அது. அப்புறக்கணிப்பு அரசியல் உபாயமென்ற வகையில் தோல்வியே. ஆயினும் நாடு முழுவதற்கும் விடுதலை என்ற எண்ணத்தை இத்தீவில் அத்துணைத் தூய்மையோடு முன்வைத்தோர் பிறரிலர்.

அண்டை நாட்டில் நேரு 1946 திசம்பரில் அரசியலமைப்புச் சபையிற் குறிக்கோட் தீர்மானத்தை முன்மொழிந்து, சுதந்திர இந்தியா எத்தகையதாயிருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வடித்தார். இலங்கையின் சோல்பரி அரசியற்றிட்டத்தில் அத்தகைய முகவுரை எதுவுமில்லை. அடிப்படை உரிமைகளின் பட்டியலுமில்லை. அதிற் கோட்பாடு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: 29ஆம் பிரிவு. எச்சமூகத்தினர்க்கேனும் மதத்தினர்க்கேனும் ஏனையோர்க்கில்லாத இயலாமை எதனையும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்பது அதன் சாரம். ஒரு நாட்டின் ஒழுக்கம் முழுவதையும் ஒரு பிரிவின் தோள்மீது ஏற்றிவைத்தனர். அத்தோள் ஓராண்டுக்குள் சரிந்தது.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் ஏறத்தாழ 780,000. இலங்கைத் தமிழரின் தொகை ஏறத்தாழ 734,000. காட்டை வெட்டி மலைகளைத் தேயிலையாக்கிய அம்மக்கள் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தவர், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர் எனத் தாளிற் காட்டும்படி கேட்டது. லயத்து அறையிற் பிறந்தவனின் தந்தைக்குப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எங்கிருந்து வரும்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், விண்ணப்பித்துப் பெறலாம் என ஒரு சாளரத்தைத் திறந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. பிரசைகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர் ஏறத்தாழ 134,000 பேர். அதே ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டம் பிரசையல்லாதோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது.

29ஆம் பிரிவு என்னாயிற்று என்று கேட்டவரும் உளர். கோடக்கன்பிள்ளை என்பாரின் வழக்கு, கேகாலையிற் கீழ்நிலை அதிகாரியொருவர் முன் வென்று, உயர்நீதிமன்றத்திற் தோற்று, 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சிலிலும் தோற்றது. பிரசை யார் என வரையறுக்கும் சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லித் தண்டிக்கவில்லை என்பது அங்கு கொள்ளப்பட்ட முடிபு. உண்மை, சட்டத்திற் பெயரில்லை. பெயர் சொல்லாமலே ஒரு சமூகத்தைச் சுட்டும் கலை சட்டவாக்குநர் யாவரும் அறிந்ததே.

இவ்விடத்தில் வன்னி மீண்டும் கதைக்குள் வருகின்றது. சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றத்தில் வவுனியாத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர் சி. சுந்தரலிங்கம். 1895இல் உரும்பிராயிற் பிறந்து, ஒக்ஸ்போர்ட்டிற் பயின்று, சிவில் சேவையைத் துறந்து, இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். சுயேச்சையாக நின்று வவுனியாவில் வென்றவர், டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சரானார். முதலாவது பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியபோது அவர் அவ்வமைச்சரவையிலேயே இருந்தார் என்பதும் பதிவுசெய்யப்படவேண்டியதே. ஆனால் 1948 திசம்பர் 10ஆம் நாள், இந்திய பாகிஸ்தானியர் மசோதாவின் இரண்டாம் வாசிப்பின்போது சபையை விட்டு வெளிநடந்தார். பிரதமர் விளக்கம் கோரினார். சுந்தரலிங்கம் விளக்கத்துக்குப் பதிலாகப் பதவி விலகலை அளித்தார்.

அதே மசோதாவை அப்போது அமைச்சராகிவிட்ட ஜி. ஜி. பொன்னம்பலம் ஆதரித்தார். செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோர் அவரைப் பிரிந்து 1949 திசம்பர் 18ஆம் நாள் மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினர். வடக்கு கிழக்குத் தமிழரின் தனித்துவ அரசியல் தன் பிறப்பையே மலையக மக்களின் வாக்குரிமைக்குக் கடன்பட்டிருக்கின்றது. தமக்கு நேராத அநீதியின் பொருட்டுப் பிரிந்தார்கள். பின்வந்த மொழிப்போர், நிலப்போர் யாவற்றுக்கும் முன்னே நிற்பது இப்பிரிவு. இதனை வலியுறுத்திக் கூறவேண்டியிருத்தலே ஒரு குறைபாடு. ஏனெனில் பிற்காலத்து மேடைகளில் இது பெரும்பாலும் ஒரு வாக்கியத்திற் கடந்து செல்லப்பட்டது.

சுந்தரலிங்கம் எக்கட்சிக்குள்ளும் அடங்கினாரல்லர். 'அடங்காத் தமிழன்' என்ற பெயர் அவர்க்கு வழங்கிற்று. அடங்காப்பற்றின் உறுப்பினர்க்கு அது பொருந்தியதே. தேசியக்கொடியின் அமைப்பை எதிர்த்து 1951இற் பதவி துறந்து, இடைத்தேர்தலில் மீண்டார். சிங்களம் மட்டும் இயக்கத்தை எதிர்த்து மூன்று மாதங்கள் சபைக்குச் செல்லாதிருந்து 1955இல் ஆசனத்தை இழந்து, அதனையும் இடைத்தேர்தலில் மீட்டார். வவுனியா மக்கள் அவரது கோபத்தை நான்கைந்து முறை வாக்களித்து வழிமொழிந்தனர் எனலாம். 1960 மார்ச்சில் தோற்றபின்னும் அவர் ஓய்ந்தாரில்லை. ஈழம் என்ற சொல்லைத் தனியரசுக் கோரிக்கையின் பெயராக்கி நூலும் துண்டுப்பிரசுரமும் எழுதிய முன்னோடி அவர். வட்டுக்கோட்டைத் தீர்மானம் 1976இலேயே வந்தது. அவரோ 1959இலேயே தம் முன்னணியைத் தொடக்கிவிட்டார். கணிதப் பேராசிரியர் விடையை முதலில் எழுதிவிட்டு, வகுப்பினர் வந்துசேரும்வரை காத்திருந்தார் போலும்.

கதை இவ்வளவில் முடிந்திருப்பின் அது ஒரு நல்ல வாழ்க்கை வரலாறாக அமைந்திருக்கும். ஆனால் 1968ஆம் ஆண்டு வந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் செல்லும் உரிமை கோரித் தாழ்த்தப்பட்ட மக்கள் வாயிலில் நின்றனர். தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அவர்க்குப் பின்னால் நின்றது. அவர்களை மறித்து நின்றோரின் முன்னணியில் எழுபது வயது கடந்த சுந்தரலிங்கம் நின்றார். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளியெனக் காணப்பட்டவர் அதனை எதிர்த்துப் பிரிவிக் கவுன்சில்வரை சென்றார். முன்னர் கோடக்கன்பிள்ளையின் வழக்குச் சென்ற அதே இலண்டன் மன்று. ஒருவன் தன்னை உள்ளே விடும்படி கேட்டுச் சென்றான்; மற்றவர் பிறரை வெளியே நிறுத்தும் உரிமை கேட்டுச் சென்றார்.

இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது? அவரைப் போலி எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் பதவியை ஒருமுறையன்றிப் பலமுறை துறந்தவரைப் போலி என்பதற்கு நா எழாது. கொழும்பிலே அமைச்சர் நாற்காலியை உதறச் செய்த உணர்ச்சியும், மாவிட்டபுரத்து வாயிலில் அவரை நிறுத்திய உணர்ச்சியும் அவர்க்கு ஒன்றாகவே தோன்றியிருக்கலாம்: பிறர் வந்து எம் வழக்காற்றில் தலையிடலாகாது என்னும் உணர்ச்சி. இதுவே அடங்காமை. பண்டாரவன்னியனிடம் இருந்ததும் இதுவே. அந்நியனின் கட்டளைக்கு எதிரே நிற்கும்போது அது விடுதலை வேட்கையாகின்றது. தன்னூர்க் கோயில் வாயிலில் நிற்கும்போது அதே உணர்ச்சி, நிறமேதும் மாறாமல், வேறொன்றாகின்றது. அடங்காமையை விடுதலையின் கோட்பாடாகக் கொண்ட சமூகம் இவ்வேறுபாட்டைக் காணாது. காணத் தவறியதற்கான விலையை அடுத்த தலைமுறையின் வன்னி கொடுத்தது.

வன்னியின் நிலவரலாறு குடியேற்றங்களின் வரலாறு. இரணைமடுக் குளம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கட்டப்பட்டது. குடாநாட்டின் நிலமற்றோர் கிளிநொச்சிக்கு வந்தனர். காடு கழனியாயிற்று. பின்னர் முத்துஐயன்கட்டு, விசுவமடு முதலிய இடங்களில் வாலிபர் குடியேற்றத் திட்டங்கள் தோன்றின. இவற்றை விரித்துரைக்க இடமில்லை.

ஆனால் திட்டமெதுவுமின்றி வந்த ஒரு குடியேற்றமும் உண்டு. 1970களின் தொடக்கத்துப் பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். 1977 ஆகஸ்டில் இனவன்செயல் மலையகத்தைச் சுட்டது. வேர்வையால் வளர்த்த மலைகளை விட்டு, மூட்டை முடிச்சுகளோடு அம்மக்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்திறங்கினர். முப்பது ஆண்டுகளுக்கு முன் எவர் பொருட்டு வவுனியாவின் உறுப்பினர் பாராளுமன்றத்தை விட்டு வெளிநடந்தாரோ, அவர்களே அவரது பழைய தொகுதிக்குள் நடந்து வந்தனர். வரலாறு சில வேளைகளில் ஒரு வினாவை மேடையிலிருந்து இறக்கி வீட்டுப் படலையிற் கொண்டுவந்து நிறுத்துகின்றது.

படலையைத் திறந்தவர்கள் இருந்தனர். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் நடத்திய காந்தீயம் இயக்கம் வவுனியாவைத் தளமாகக் கொண்டு, அகதிகளாய் வந்த குடும்பங்களைப் பண்ணைகளில் அமர்த்தி, விதையும் கருவியும் வழங்கி, சிறுவர்க்குப் பாடசாலைகளையும் அமைத்தது. 1983 ஏப்பிரலில் இருவரும் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 27ஆம் நாள் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். டொலர் பண்ணை, கென்ற் பண்ணை ஆகியவற்றிலிருந்து மலையகக் குடும்பங்கள் 1984இல் விரட்டப்பட்டு, சிங்களச் சிறைக்கைதிகள் அங்கு குடியமர்த்தப்பட்டனர். நவம்பர் 30ஆம் நாள் விடுதலைப் புலிகள் அப்பண்ணைகளைத் தாக்கியபோது, தாமாகத் தேர்ந்து வராத அக்கைதிகளும் அவர்தம் குடும்பத்தினரும் மாண்டனர். ஏர் பிடிக்க வெட்டிய நிலத்தில் ஓராண்டுக்குள் இரு சமூகத்து ஏழைகளின் கண்ணீரும் விழுந்தது.

ஆயின் படலையைத் திறந்தவர் யாவரும் உள்ளத்தையும் திறந்தனர் என்று கூறுவதற்கில்லை. வன்னி வயல்களில் மலையகத்தார் கூலியாட்களாக நின்றனர். மேட்டுநிலங்களிற் குடிசை கட்டிக்கொண்டனர். வாய்க்கால் நீர் ஏறாத நிலங்கள் அவை. உறுதியில்லாத காணி, அனுமதிப்பத்திரம் இல்லாத காணி, பத்திரம் இருந்தும் வேறொருவர் பெயரிலிருந்த காணி எனப் பலவகை. 'தோட்டக்காட்டார்' என்னும் சொல் மலையிலிருந்து அவர்களோடு வரவில்லை. இங்கு அவர்க்காகக் காத்திருந்தது. பெண் கொடுத்தல், பெண் எடுத்தல் முதலியவற்றில் அச்சொல் எவ்வாறு பயின்றது என்பதை வன்னியில் வாழ்ந்தோர் அறிவர். வெள்ளையன் பாட்டனைக் கூலி என்றான். சிங்களவன் தந்தையைக் கள்ளத்தோணி என்றான். தமிழன் மகனுக்குத் தன் பங்குக்கு ஒரு பெயரைச் சூட்டினான்.

1985 யூலையில் பூட்டான் தலைநகர் திம்புவிற் பேச்சுவார்த்தை நிகழ்ந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஐந்து இயக்கங்களும் ஒன்றுபட்டு நான்கு கோட்பாடுகளை முன்வைத்தன. இலங்கைத் தமிழர் ஒரு தனித்துவமான தேசிய இனத்தவர் என்பது முதலாவது. அவர்க்கு இனங்காணப்பட்ட தாயகம் உண்டு என்பது இரண்டாவது. தன்னாட்சியுரிமை உண்டு என்பது மூன்றாவது. இத்தீவைத் தம் நாடாகக் கொள்ளும் தமிழர் யாவர்க்கும் பூரண பிரசாவுரிமையும் அடிப்படைச் சனநாயக உரிமைகளும் உரியன என்பது நான்காவது. எச். டபிள்யூ. ஜயவர்த்தனா தலைமையில் வந்த அரச தூதுக்குழு முதல் மூன்றையும் நிராகரித்தது. பேச்சு முறிந்தது.

அன்று தொட்டு இக்கோட்பாடுகளைப் பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பகுதி முதல் மூன்றையே ஆராய்கின்றது. அதற்குக் காரணமும் உண்டு. அரசோடு பிணக்கு நிகழ்ந்தது அவற்றிலேயே. நான்காவதோ பட்டியலின் கடைசியிற் சேர்க்கப்பட்ட சலுகைபோற் காட்சியளிக்கின்றது. சற்று நின்று நோக்கின் அது வேறு வகையானது என்பது புலனாகும். முதல் மூன்றும் தேசிய இனம் என்ற தொகுதியின் உரிமைகள். ஓர் அரசை நோக்கி நீட்டிய கை. நான்காவது மட்டும் தனிமனிதனின் உரிமையைப் பேசுகின்றது. மூத்ததும் அதுவே, 1948 திசம்பரில் ஒருவர் வெளிநடந்ததும், 1949 திசம்பரில் மூவர் பிரிந்ததும் அதன் பொருட்டே. மேலும், முதல் மூன்றையும் நிறைவேற்றக் கொழும்பின் சம்மதம் வேண்டும். நான்காவதின் ஒரு பாதியையேனும் வன்னியிலே, எவர் சம்மதமுமின்றி, மறுநாட் காலையே தொடங்கியிருக்கலாம்.

தொடங்கினார்களா? 'யாவர்க்கும்' என்ற சொல்லை முதலிற் சோதித்தது 1990 ஒக்டோபர். வடமாகாணத்து முஸ்லிம்கள் 70,000க்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். முல்லைத்தீவு மாவட்டத்தின் நீராவிப்பிட்டி, தண்ணீரூற்று ஆகிய ஊர்களின் மக்களும் அவருள் அடங்குவர். தமிழையே தாய்மொழியாகப் பேசி, இத்தீவையே தம் நாடாகக் கொண்டு, வன்னியன் காலந்தொட்டு அம்மண்ணில் வாழ்ந்தவர்கள். 1948இல் ஒரு பாராளுமன்றம் சட்டமியற்றிச் செய்ததை இங்கு ஓர் ஒலிபெருக்கி செய்தது. இதனைக் கூறும்போது, அரசு இழைத்தவற்றை மறைப்பதாகச் சிலர் சினப்பர். முள்ளிவாய்க்காலில் 2009 மே மாதத்தில் நிகழ்ந்ததை அறிந்தோர் எவரும் அரசு இழைத்ததைச் சிறிதெனக் கொள்ளார். ஆனால் ஒருவர் பட்ட துன்பம் அவர் பிறர்க்கிழைத்ததற்கு விடையாகாது. விடுதலைக்கெனத் தொடங்கிய போராட்டமொன்று தன் கோட்பாட்டைத் தன் வாயிலிலேயே மறுதலித்த நாள் எது என்று வருங்கால மாணவன் தேடும்போது, நாட்காட்டியில் அவ்வொக்டோபரைத் தவிர்த்துச் செல்லல் இயலாது.

நான்காவது கோட்பாட்டின் சட்டப்பாதி, யாரும் எதிர்பாராத வகையில், மெல்ல மெல்ல நிறைவேறியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாளின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைச் சந்தையிற் பங்கிடும் தானியம்போலப் பங்கிட்டிருந்தது: இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பின்னர் பேசித் தீர்க்க. 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் எஞ்சியோரிற் பலர்க்குப் பிரசாவுரிமை வழங்கின. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964ஆம் ஆண்டின் அந்நாள் முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்தவர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அவ்வுரிமையை அளித்தது. பாராளுமன்றம் அதனை ஒருமனதாக நிறைவேற்றியது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு சபை பறித்ததை மற்றொரு சபை எதிர்ப்பின்றித் திருப்பியளித்தது. பேச்சுவார்த்தை மேசைகளோ போர்க்களங்களோ இதிற் குறிப்பிடப்படுவதில்லை. பெரிதும் தொழிற்சங்கத்தின் பேரம், வாக்குப் பலம், பொறுமை ஆகியவற்றால் வந்தது அது. கவிதை பாடுவதற்கேற்ற வெற்றியன்று, ஆயினும் வெற்றியே.

மறுபாதி தாள்களால் ஆவதன்று. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் ஆகிய ஊர்களில் மலையகத்திலிருந்து வந்தவரின் மூன்றாம் தலைமுறை வாழ்கின்றது. பெயர்களை நோக்குக: பாரதியும் கிருஷ்ணனும் வாழும் ஊர்கள். தேசிய அடையாள அட்டை அவர்கள் கையில் இருக்கின்றது, வாக்கும் இருக்கின்றது. இரணைமடுவின் நீர் வாய்க்கால் வழியே கீழ்நிலத்து வயல்களுக்குப் பாய்கின்றது. மேட்டுநிலத்தில் கிணறு, கோடையில் அதன் அடித்தளம் தெரியும். பாட்டனுக்குத் தேயிலை மலையில் லயம் சொந்தமாயிருக்கவில்லை. இங்குத் தம் பெயரில் உறுதியுள்ள காணி வேண்டுமென அவர்தம் பேரப்பிள்ளைகள் பிரதேச செயலகத்தில் வரிசையில் நின்றனர்.

1983க்குப் பின் வன்னியிலிருந்து மன்னார்க் கடல் வழியே இராமேசுவரத்துக்குத் தப்பியோடியவருள்ளும் மலையக வம்சாவளியினர் பலர். அவர்களை முதலில் ஏற்றுக்கொண்ட இடம் மண்டபம் அகதிமுகாம். அம்முகாம் அவர்களுக்காகக் கட்டப்பட்டதன்று. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைக் கப்பலேற்றுமுன் நிறுத்தி, நோய் உண்டா எனச் சோதித்து, பெயரைப் பேரேட்டிற் பதிவதற்கென அமைத்த தொற்றுத்தடை முகாம் அது. பூட்டன் அங்கே வரிசையில் நின்று, பெயர் சொல்லி, தீவை நோக்கிப் போனான். நூறாண்டு அளவில் அவன் கொள்ளுப்பேரன் தீவிலிருந்து வந்து, அதே முகாமில் வரிசையில் நின்றான். பேரேட்டைத் திறந்தவர் அவனிடமும் முதலிற் கேட்டது, எந்த நாடு என்பதைத்தான்.